ஸ்பிளிற்றர் போட்டபின் பஃபலோ சனல்கள் வரவில்லை: பூஸ்ரர் பழுதாகிவிட்டதா?

கேள்வி (ஸ்காபறோ மகன்):
கூரையில் அப்பா பூட்டிய அன்ரெனா, அதன் கம்பத்திலேயே சிக்னலைப் பெருக்கும் பூஸ்ரர். அதற்கு மின் கொடுக்கும் அடப்ரர் நிலவறையில், ரீவிக்குப் பின்னால். போன கிழமை மேல்மாடிக்கும் ஒரு இணைப்பு வேண்டுமென்று, கூரை வயர் வீட்டுக்குள் இறங்கும் இடத்தில் இருவழி ஸ்பிளிற்றர் ஒன்று போட்டேன். அன்றிலிருந்து அமெரிக்கப் பக்கத்துப் பஃபலோ நகரச் சனல்கள் 2, 4, 7 அடியோடு இல்லை. 29 இடைக்கிடை வந்து கட்டம் கட்டமாக உடைகிறது. இங்கே ரொறொன்ரோ சிஎன் கோபுரத்துச் சனல்கள் மட்டும் தெளிவு. அடப்ரரின் விளக்கு மங்கிவிட்டது, தொட்டால் நல்ல சூடு. அப்பா ஒவ்வொரு பின்னேரமும் 7இல் செய்தி பார்ப்பவர். புது பூஸ்ரர் வாங்கவா?

பதில் 1 (கூரைவாசி):
பழையதைக் கழற்றிவிட்டு இன்னும் சக்தி கூடிய பூஸ்ரர் போடுங்கள். ஸ்பிளிற்றரில் பாதி சிக்னல் போய்விடும்தானே.

பதில் 2 (பழைய ரீவிக்காரன்):
தம்பி, ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் அந்த அடப்ரரைக் கழற்றி வையுங்கள், சூடாக விடாதீர்கள்.

கூரையில் இருக்கும் பூஸ்ரருக்குத் தனி மின்வயர் கிடையாது. சிக்னல் இறங்கி வரும் அதே கோஅக்சியல் வயரில்தான் மின் மேலே ஏறுகிறது. ரீவிப் பக்கத்தில், அடப்ரரின் மின்னை வயருக்குள் விடும் சின்னப் பெட்டிக்குள் ஒரு சுருளும் ஒரு கப்பாசிற்றரும் உண்டு. சுருள் நேர்மின்னோட்டத்தை மேலே போக விடும், சிக்னலை மறிக்கும். கப்பாசிற்றர் சிக்னலை ரீவிக்கு விடும், மின்னை மறிக்கும். நீங்கள் அந்தப் பாதையின் நடுவில் சாதாரண ஸ்பிளிற்றரைப் போட்டுவிட்டீர்கள். சில ஸ்பிளிற்றர் மின்னை மறித்துவிடும், சில உள்ளே இருக்கும் சுருள் வழியாக நேரே நிலத்துக்கு இறக்கிவிடும். விளக்கு மங்கி அடப்ரர் சுடுவதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

மின் இல்லாத பூஸ்ரர் சும்மா இருக்காது, சிக்னலையும் நன்றாக அமுக்கும். கோபுரம் கிட்ட இருப்பதால் அது தாங்கும். பஃபலோ 2, 4, 7 வரும் கோபுரங்கள் அந்நகருக்கும் தெற்கே, உங்களிடமிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல். 29 கிராண்ட் ஐலண்டில் இருந்து வருவதால் கொஞ்சம் கிட்ட. அதுதான் எட்டிப் பார்க்கிறது.

பெரிய பூஸ்ரர் போடச் சொன்ன தம்பிக்கும் ஒரு சொல். கோபுரத்தின் பலமான சிக்னல் பூஸ்ரரை நிரப்பிவிட்டால், அது தானே குழப்பச் சிக்னல்களை உண்டாக்கும். மெல்லிய பஃபலோ அதற்குள் அமிழ்ந்துவிடும். கூரையில் பூஸ்ரர் வைப்பதே வயரில் இழப்பு வருமுன் தூக்கிவிடத்தான். யூஎச்எஃப் என்ற உயர் அலைவரிசைச் சனல்களுக்கு, வீடுகளில் வழமையான ஆர்ஜி-6 கோஅக்சியல் வயர் 100 அடியில் 5 டெசிபெல் அளவு தின்னும். இழந்தபின் கீழே நின்று பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

செய்ய வேண்டியது இதுதான்: கூரை வயர், மின் கொடுக்கும் பெட்டி, அதற்குப் பிறகு ஸ்பிளிற்றர், பிறகு ரீவிகள். வயர் இறங்கும் இடத்தில் பிளக் பொயின்ற் இல்லையென்றால், ஒரு துளை மின்னை விடும் ஸ்பிளிற்றர் வாங்கி, அந்தத் துளையை அடப்ரர் பக்கம் பூட்டுங்கள். பெட்டியின் இரண்டு துளைகளையும் மாற்றிப் பூட்டிவிடாதீர்கள், மின் ரீவிக்குள் போகும்.

பூட்டுமுன் மல்ரிமீற்றரால் நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். பழைய வகை 12 வோல்ற் அடப்ரர் சும்மா இருக்கையில் 16 வரை காட்டலாம், அது பழுதல்ல. பூஸ்ரரைப் பூட்டியதும் 12க்குக் கிட்ட வந்து நிற்க வேண்டும். இரண்டு மூன்றுக்கு விழுந்தால் எங்கோ சோர்ட்.

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் கார் பற்றரியில் கறுப்பு-வெள்ளை ரீவி ஓட்டி, அதே பற்றரியில் இருந்து பூஸ்ரருக்கும் 12 வோல்ற் கொடுத்துத் தூரதர்ஷன் பிடித்திருக்கிறேன். பற்றரி மின்னில் இரைச்சலே இல்லை, படம் அப்படி நிற்கும்.

ஸ்காபறோ மகன்:
அண்ணை, நீங்கள் சொன்னபடியேதான். ஸ்பிளிற்றருக்கு முன்னால் அளந்தேன், 1.8 வோல்ற். அதைக் கழற்றிவிட்டு அளந்தால் 15.4. பெட்டியை மேலே கொண்டுபோய் ஸ்பிளிற்றருக்கு முன் பூட்டினேன். 2, 4, 29 வந்துவிட்டன. 7 மட்டும் இன்னும் உடைகிறது.

பழைய ரீவிக்காரன்:
கூரை முனையின் இணைப்பானைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பியில் பச்சை பிடித்திருந்தால் ஓரங்குலம் வெட்டிப் புதிதாகப் போட்டு, ரப்பர் நாடா சுற்றுங்கள். ஏறும்போது அடப்ரர் கழன்றிருக்கட்டும்.

ஸ்காபறோ மகன்:
பச்சைதான். வெட்டிப் போட்டேன். அப்பா இப்போது 7இல் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்.