புச்சேச்சா நின்ற எடையிலேயே நிற்பதா, 100.5க்கு இறங்குவதா?

செந்தூல்காரன்

வணக்கம் அண்ணன்மாரே. பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் நீலப்பட்டை, அடல்ட் பிரிவு, ஜீ (ஆட்ட உடை) போடாமல் 103 கிலோ. கேஎல் (கோலாலம்பூர்) போட்டிக்கு இன்னும் ஆறு வாரம். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிதான். சூப்பர் ஹெவிக்கு (100.5 கிலோ வரை) இறங்குவதா, அதற்கு மேலே உள்ள அல்ட்ரா ஹெவியிலேயே பெயர் கொடுப்பதா? அப்புறம், மார்க்குஸ் அல்மெய்டா புச்சேச்சாவின் ஆட்டங்களைப் பார்த்துப் படிக்க எங்கே தொடங்கணும்? அவருக்கு 13 உலகப் பட்டமா, 14ஆ?

பிரிக்பீல்ட்ஸ் ஊதா

தம்பி, முதலில் எடைக் கணக்கு. 100.5 என்பது ஜீயோடு சேர்த்து. உங்கள் அளவுக்கு ஜீயும் பெல்ட்டும் சுமார் 2 கிலோ வரும். அப்படியென்றால் உடம்பு 98.5ல் இருக்கணும், நாலரை கிலோ இறங்கணும். முதல் ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் தராசில் ஏற்றுவார்கள். ஒரே தடவை. 100 கிராம் கூடினாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தராசை விட்டு இறங்கினால் அடுத்தது மேட். முந்தின நாளே எடை பார்க்கும் போட்டிகளில் செய்வதுபோல் தண்ணீரை வற்றவைத்து இறங்கினால், நீலப்பட்டைக்கு உள்ள ஆறு நிமிடத்தில் மூன்றாவது நிமிடமே கை பிடிப்பு விட்டுப்போகும்.

இன்னொன்று பலரும் கோட்டைவிடுவது. மழை நாளில் துவைத்து, சரியாகக் காயாத ஜீயைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். தடித்த துணி, காலர் உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். காலரைப் பிழிந்து பாருங்கள், கையில் குளிர்ச்சி தட்டினால் அந்த ஜீயோடு தராசு ஏறாதீர்கள்.

என் கருத்து: அல்ட்ராவிலேயே நில்லுங்கள். ராத்திரி மாமாக் கடையில் ரொட்டி சானாயை விட்டுவிட்டு, தே தாரேக்குக்கு (இனிப்புப் பால் தேநீர்) பதில் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) குடித்தால் தானாக இறங்குகிற எடை இறங்கட்டும். பயிற்சியைப் பட்டினியில் செய்யாதீர்கள்.

கிள்ளான் கருப்பு

எடை விஷயத்தில் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். அல்ட்ராவுக்கு மேல் வரம்பே கிடையாது, எதிரே 130 கிலோ ஆள் நிற்கலாம். இன்னும் மூன்று மாதம் இருந்தால் இறங்கச் சொல்லியிருப்பேன். ஆறு வாரத்தில் வேண்டாம்.

பட்டம் 13. 2012, 2013, 2014, 2016, 2017, 2019 ஆகிய ஆறு ஆண்டுகளிலும் எடைப் பிரிவு, ஆப்ஸலூட் (எடை பாராமல் எல்லாரும் ஆடும் பிரிவு) இரண்டும் அவருக்கே. 2018ல் எடைப் பிரிவு மட்டும். அந்த 14 எங்கிருந்து வருகிறது என்றால், 2018 ஆப்ஸலூட் இறுதியில் எதிரே வரவேண்டியவர் லெயாண்ட்ரோ லோ. தன் எடைப் பிரிவு இறுதியிலேயே தோளில் அடிபட்டு அவரால் ஆட முடியவில்லை. சும்மா நின்றாலே தங்கம். புச்சேச்சா அதை லோவுக்கு விட்டுக்கொடுத்தார். அந்தத் தங்கம் லோ பெயரில்தான் இருக்கிறது, அப்படியே இருக்கணும். 13ஐக் குறைவாக எண்ணாதீர்கள், அதற்கு முன் சாதனை ரோஜர் கிரேஸியின் 10.

பார்ப்பதற்கு 2012, 2013 ஆப்ஸலூட் இறுதிகள், இரண்டிலும் எதிரே ரொடோல்ஃபோ வியெய்ரா. நூறு கிலோ தாண்டிய உடம்பு, முதல் பாய்ச்சல் தவறினால் நின்று யோசிக்காமல் அடுத்ததுக்குப் போவதைக் கவனியுங்கள். பிறகு 2017ல் ரியோவில் ரோஜருடன் ஆடியது. ஏழு நிமிடத்துக்குள் ரோஜர், புச்சேச்சாவின் முதுகைப் பிடித்து, காலரால் கழுத்தை நெரித்து முடித்தார். வேகத்துக்கு எதிரே அவசரமில்லாத பிடி என்ன செய்யும் என்று அதில் தெரியும்.

செந்தூல்காரன்

நன்றி அண்ணே, அல்ட்ராவிலேயே கொடுக்கிறேன். சிங்கிள் லெக் (எதிராளியின் ஒரு காலைப் பிடித்துச் சாய்ப்பது) மாட்டாமல் போனால் எதிராளி மேலே சரிந்து நசுக்குகிறார். அங்கே என்ன செய்ய?

பட்டர்வொர்த் பழுப்பு

கால் கையில் இருக்கும்போதே அடியில் உட்கார்ந்துவிடுங்கள், அந்தப் பிடிக்குப் பெயர் சிங்கிள் லெக் எக்ஸ். எதிராளியின் வலது கால் என்றால்: இடது கையால் காலைச் சுற்றி, கணுக்காலை அக்குளில் இறுக்குங்கள். இடது பாதம் அவர் வலது இடுப்பில். வலது காலை உள்பக்கமாக விட்டு அதே தொடைக்குப் பின்னால் கொக்கி. இரண்டு முழங்காலும் ஒட்டியே இருக்கணும், இடைவெளி விட்டால் அவர் காலை உருவிக்கொள்வார்.

நசுங்குவதற்குக் காரணம் தூரம். பிட்டம் அவர் குதிகாலை ஒட்டி உட்காரணும். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் அவர் எடை இடுப்பில் இறங்காமல் உங்கள் முழங்காலில் இறங்கும். கனமான ஆட்கள் பலரும் முதுகைத் தரையில் போட்டுவிட்டுத்தான் கொக்கி தேடுகிறார்கள், அது தலைகீழ். இடுப்பைத் தூக்கி, காலை நீட்டி, இடப்பக்கம் திரும்பினால் அவர் பின்னால் விழுவார். பிடித்த காலை விடாமல் எழுந்து மேலே மூன்று விநாடி நிற்கணும், அப்போதுதான் 2 புள்ளி.

அந்த இடது பாதத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். இடுப்பைத் தாண்டி அவர் உடம்பின் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் அது ரீப்பிங் (முழங்காலைத் திருகும் தவறு), ஜீ ஆட்டத்தில் எந்தப் பட்டைக்கும் அனுமதி கிடையாது. அவர் திமிறும்போது பாதம் தானாக வழுக்கிப் போகும். கால்விரல்களை வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் வழுக்காது. பயிற்சியில் எதிரே உள்ளவரை வேண்டுமென்றே திமிறச் சொல்லி, ஒவ்வொரு பக்கமும் பத்துப் பத்துத் தடவை செய்யுங்கள்.