கறிவேப்பிலைப் புழுவும் வண்ணத்துப்பூச்சியும்: கடலூர்க் கொல்லைக்கு எந்த நாட்டுச் செடிகள்?

மஞ்சக்குப்பம்_கொல்லை கேட்டது:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 12-க்கு 20 அடி கொல்லை. மணல் கலந்த மண், போர் தண்ணீரில் லேசான உப்பு. காலை வெயில் நன்றாக விழும். இட்லிப்பூ 2, செம்பருத்தி 4, நர்சரியில் வாங்கிய அடுக்குச் சாமந்தி 6 தொட்டி இருக்கின்றன. வண்ணத்துப்பூச்சி வருகிறது, ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு வேலி தாண்டிப் போய்விடுகிறது. கறிவேப்பிலையில் மட்டும் விடாமல் புழு விழுகிறது. அதற்கு வாரம் ஒருமுறை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கலந்து அடிக்கிறோம். பூச்சிகள் தங்க வேறு என்ன நடலாம்? நம் ஊர்ச் செடிகளாகச் சொன்னால் நல்லது.

வில்லியனூர்_நாற்று:

முதலில் வேப்பெண்ணெயை நிறுத்துங்கள். கறிவேப்பிலையில் இருப்பது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுதான். சின்னதில் பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமாக இருக்கும். கடைசித் தோலை உரித்ததும் இலைப் பச்சைக்கு மாறும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பு மாதிரி நீட்டி, ஒரு நெடி விடும். வேப்பெண்ணெய் இயற்கை மருந்து என்பதால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. அது புழுவைத் தின்னவிடாமல் செய்யும், தோலுரிக்கவும் விடாது. நீங்கள் வரவேண்டும் என்று காத்திருக்கும் பூச்சியை வாரா வாரம் நீங்களே கொன்றுகொண்டிருக்கிறீர்கள்.

பூ இருந்தால் பூச்சி விருந்தாளியாக வரும். அது முட்டையிட, புழு தின்னும் இலை வேண்டும். ஒவ்வொரு இனமும் குறிப்பிட்ட சில செடிகளில்தான் முட்டை வைக்கும். உங்கள் மண்ணுக்கு நான் சொல்வது இவை.

எருக்கு ஒன்று போதும். உப்பையும் மணலையும் தாங்கும், வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டை வைக்கும். தண்டு வெட்டி நட்டால் பால் நன்றாக உலர இரண்டு நாள் நிழலில் போட்டுவிட்டு நடுங்கள். மஞ்சள் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும், சோப்புக் கரைசல்கூட வேண்டாம். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

ஆவாரைக்கு விதையை மணலில் தேய்த்து, சூடான தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து விதையுங்கள். செடிக்குச் செடி 3 அடி. வேர் பிடித்தபின் தண்ணீர் அதிகம் காட்டினால் அழுகிப்போகும். கொன்னை வெள்ளையன் வகைப் பூச்சிகள் இதைத் தேடி வரும்.

மூன்றாவது ஆடுதீண்டாப்பாளை. தரையில் படரும், சிறுநீரக வடிவில் இலை. ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் இந்தக் குடும்பத்துச் செடியை விட்டால் வேறு போக்கில்லை. எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள்: ஒரு செடியை நட்டுவிட்டு விடுகிறார்கள். நாலைந்து புழு ஒரே செடியில் விழுந்தால் இலையை முடித்து, தண்டையும் கடித்து, பிறகு பட்டினியில் சாகும். குறைந்தது 8 முதல் 10 செடி, ஒன்றரை அடி இடைவெளியில். பந்தல் போட இடமும் பாதி நிழலும் இருந்தால் ஈஸ்வரமூலிக் கொடியும் ஆகும், ஆனால் அது நன்றாகத் தழைக்கும் வரை வலை போட்டு மூடி வையுங்கள். நர்சரியில் அழகுக்கு விற்கும் பெரிய பூ வைக்கும் வெளிநாட்டுக் கொடியை இதற்குப் பதில் வாங்காதீர்கள். சில இனங்கள் ஏமாந்து அதில் முட்டையிட்டுவிடும், புழுவுக்கு அந்த இலை ஒத்துக்கொள்ளாமல் செத்துப்போகும். இந்தச் செடிகளைக் கைவைத்தியம் என்று உள்ளுக்குச் சாப்பிடவும் கூடாது. இவற்றிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். அந்த நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால்தான் ரோஜா அழகியைப் பறவைகள் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில அதே வேஷம் போட்டுப் பறக்கும். உடலைப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் ரோஜா வகை, கருப்பாக இருந்தால் கறிவேப்பிலை அழகி.

காலாப்பட்டு_வேலி:

மேலே சொன்னதோடு இரண்டு விஷயம்.

அடுக்குச் சாமந்தியில் இதழ்தான் அதிகம், உறிஞ்சுகுழல் தேனை எட்டாது. ஒற்றை அடுக்குப் பூக்கள் வேண்டும். இட்லிப்பூவைக் கத்தரித்துக் குத்தாக வளர்த்தால் நிறையப் பூக்கும். கூடவே கிலுகிலுப்பை விதையுங்கள், மணலில் தானாக வரும். வரியன்களின் ஆண்பூச்சிகள் அதன் வாடிய இலையிலும் காய்ந்த காயிலும் வந்து உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அதிலிருக்கும் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருளைக் கொண்டுதான் பெண்பூச்சியைக் கவரும் மணத்தைத் தயாரிக்கின்றன. காய்ந்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். ஆடு மாடு மேயாத இடமாகப் பாருங்கள், அவற்றுக்கு அது நஞ்சு. தேள்கொடுக்குச் செடிக்கும் இதே குணம் உண்டு, ஈரமான ஓரத்தில் தானாக முளைக்கும். உண்ணிச்செடியில் பூச்சி மொய்க்கும் என்று யாராவது சொல்வார்கள். மொய்க்கும்தான், ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளை மூடிக்கொண்டிருக்கும் செடி. வேண்டாம்.

நர்சரிச் செடியில் இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்து அடித்திருந்தால் கழுவினாலும் போகாது, சாற்றிலேயே இருக்கும். புழு தின்னும் செடிகளை விதையிலிருந்தோ, மருந்து அடிக்காத இடத்துத் தண்டிலிருந்தோ வளர்ப்பதுதான் நிச்சயம். நாட்டு மர நாற்றுக்கு ஆரோவில் பக்கம் கேட்டுப் பாருங்கள், நம் கரையோர உலர் பசுமைமாறாக் காட்டு இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். புதுப்பட்டு ஐயனார் கோயில் காடு மாதிரி இடங்களிலிருந்து எதையும் பிடுங்கி வரவேண்டாம், அப்படிக் காடு மிஞ்சியிருப்பதே கொஞ்சம்தான்.

மஞ்சக்குப்பம்_கொல்லை:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். வீட்டில் பெரியவர்கள் எருக்கு வைக்கக் கூடாது என்கிறார்கள், மாற்று உண்டா? கறிவேப்பிலையை முழுசாகப் புழுவுக்கு விட்டால் சமையலுக்கு என்ன செய்வது?

முதலியார்பேட்டை_மாடி:

அக்கா, எருக்குக்குப் பதில் வேலிப்பருத்தி, அதாவது உத்தாமணிக் கொடி. வெந்தய வரியன் இதிலும் முட்டையிடும். கம்பி வேலியில் ஏற்றிவிட்டால் போதும், பெரியவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நன்னாரி வையுங்கள், வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையில் வளரும்.

கறிவேப்பிலையில் 3 செடியாக வையுங்கள். ஒன்றைக் கொசுவலை போட்டு, அடியில் கயிறு கட்டி மூடிவிட்டால் அது சமையலுக்கு. மூடும் முன் இலையின் இருபுறமும் பாருங்கள், கடுகைவிடச் சின்னதாக வெளிர்மஞ்சள் முட்டை இருந்தால் அந்த இலையோடு கிள்ளி அடுத்த செடியில் செருகுங்கள். புழுவைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது, கால்கள் இலையைக் கவ்வியிருக்கும், பிய்ந்துவிடும். உங்கள் உப்புத் தண்ணீர்தான் கறிவேப்பிலைக்குப் பெரிய தொல்லை. இலை நுனி கருகினால் அதுதான் காரணம், மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து அதற்கு மட்டும் ஊற்றுங்கள். தொட்டி என்றால் 15 அங்குலம், செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழு உரம் 1.

நடுவது ஆடி, ஆவணியில். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிட வேண்டும். மழை ஓய்ந்தபின், மார்கழி முதல் மாசி வரை, பூச்சிகள் நன்றாக வரும். காற்றை மறக்காதீர்கள். பூச்சிக்கு வெயில் வேண்டும், கடற்காற்று ஆகாது, அதனால் கிழக்கு வேலியில் இடுப்பளவு அடர்த்தியாக ஏதாவது வளர்ந்திருக்கட்டும். 2011-இல் தானே புயல் டிசம்பர் கடைசியிலும், 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் கடைசியிலும் இந்தக் கரையில்தான் ஏறின. அந்த மாதங்களில் தொட்டிகளைச் சுவரோரம் ஒன்றோடொன்று ஒட்டிவையுங்கள், உயரமான எதையும் மாடியில் நிறுத்தாதீர்கள்.

இரண்டு அங்குல ஆழத் தட்டில் மணலும் மண்ணும் போட்டு ஈரமாக வைத்தால் ஆண்பூச்சிகள் உப்பு உறிஞ்ச வந்து அமரும். மற்றவர்கள் ஒரு சிட்டிகை உப்பு சேர்ப்பார்கள், உங்கள் போர் தண்ணீருக்கு அதுவும் வேண்டாம். தண்ணீர் தேங்க மட்டும் விடாதீர்கள், கொசு முட்டை வைத்துவிடும்.

மஞ்சக்குப்பம்_கொல்லை:

இன்று பார்த்தால் கேட்டின் கீழ்க் கம்பியில் ஒரு கூட்டுப்புழு ஒட்டியிருக்கிறது. எடுத்துப் பாட்டிலில் வைக்கலாமா?

வில்லியனூர்_நாற்று:

வேண்டாம். பாட்டிலில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், வெளியே வரும் பூச்சிக்கு இறக்கை விரிக்க இடமும் இருக்காது. இடுப்பில் ஒரு நூல் சுற்றியிருந்தால் அழகி வகையாக இருக்கலாம், வெள்ளையன் வகையாகவும் இருக்கலாம். அந்தப் பக்கக் கேட்டை இரண்டு வாரம் மெதுவாகத் திறந்து மூடுங்கள், எறும்பு ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். கூட்டில் குண்டூசி அளவில் ஓட்டை தெரிந்தால் குட்டிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம், அதற்கு மருந்து தேட வேண்டாம். கூடு கருத்து, உள்ளே இறக்கை நிறம் தெரிந்தால் மறுநாள் காலைக்குள் வெளிவந்துவிடும். வந்ததும் இறக்கை விறைக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை தொடாதீர்கள்.