சேம்பர் மியூசிக்: ‘அறையிசை’யா, ‘உள்ளிசை’யா?

நண்பர்களுக்கு, பாம்பனிலிருந்து வணக்கம். மேற்கத்திய இசையில் சில கலைஞர்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் ‘சேம்பர் மியூசிக்’கைத் தமிழில் ‘உள்ளிசை’ என்கிறேன் நான். அதற்கு வந்த கேள்வி:

> ‘அறையிசை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. தேவாலயத்துக்கும் நாடக அரங்குக்கும் உரிய இசையிலிருந்து பிரித்துக்காட்ட இத்தாலியர்கள் ‘கேமரா’, அதாவது அறை, என்ற சொல்லைச் சேர்த்தார்கள். நாம் படம் எடுக்கும் கேமராவும் அதே சொல்தான். இன்று இந்த இசை பெரிய அரங்குகளிலும் நடக்கிறது. அறை போய்விட்டது, நெருக்கம் மட்டும் நிற்கிறது. சில கலைஞர்கள், ஒவ்வொரு வாத்தியப் பகுதியையும் ஒருவரே வாசிப்பார். ஒருவர் மூச்சு இழுப்பது அடுத்தவருக்குக் கேட்கும். ‘அறை’யில் அது இல்லை. பறையறைவதும் கன்னத்தில் விழுவதும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், ஹங்கேரிய இசையமைப்பாளர் குர்த்தாக் எழுதிய ‘மறைந்த செல்வி ட்ரூசோவாவின் செய்திகள்’. 1976 முதல் 1980 வரை எழுதியது. ரிம்மா தாலோஷின் 21 ரஷ்யக் கவிதைகள், ஒரு சொப்ரானோ (உச்சப் பெண்குரல்), சிறு வாத்தியக் குழு. தனிமை, உடலின் ஆசை, கசந்துபோன காதல் என்று ஒரு பெண் தனக்குள்ளேயே இறங்கிப் போகிறாள். சில பாடல்கள் ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. தந்திகளைக் கோலால் தட்டி வாசிக்கும் சிம்பலோம் இடையில் அதிரும்போது, அவள் வாய்விட்டுச் சொல்லாததும் கேட்கிறது. நெய்தலின் இரங்கலை அறிந்த நமக்கு இந்தப் பெண் அந்நியமில்லை. இதைப் போய் ‘அறையிசைப் படைப்பு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

முதலில் ‘அகவிசை’ என்றுதான் எழுதினேன். அகம் என்றால் வீடு, மனம், அகத்திணை, எல்லாமே பொருந்தியது. விசைப்படகில் போகும் என் தம்பியிடம் காட்டினேன். “புது இன்ஜினாண்ணே?” என்றான். சரிதானே, அக-விசை என்றுதான் கண் பிரிக்கும். அதை விட்டுவிட்டேன்.

அப்புறம் வந்ததுதான் ‘உள்ளிசை’. உள் என்றால் உள்ளே. உள்ளுதல் என்றால் நினைத்தல். உள்ளம் அதிலேயே இருக்கிறது. ஈழத்தில் உள்ளி என்றால் பூண்டு என்று மண்டபம் முகாமில் இருக்கும் நண்பர் நினைவூட்டினார். ஆனால் ‘இசை’ காதில் தெளிவாக விழுவதால் குழப்பம் வராது என்று அவரே சொன்னார்.

உள்ளிசைக் குழு, உள்ளிசை அரங்கு என்று நீட்டவும் இடம் கொடுக்கிறது. நான்கு தந்தி வாத்தியங்களுக்கான ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுக்குத்தான் தடுமாறுகிறேன். ‘நரம்பிசை நால்வர்’ என்றால் வாசிப்பவர்களைக் குறிக்கும், படைப்பைக் குறிக்காது. அதற்கு உங்களிடம் என்ன சொல் இருக்கிறது?