1911ஆ, ஹை பவரா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

மட்டக்களப்புல இருந்து கேக்கிறேன். லைசன் எடுத்து, ரேஞ்சுல இலக்குச் சுட மட்டும்தான். 5 அங்குலப் பரல் (குழல்) உள்ள 1911 (.45 ஏசிபி தோட்டா), பிரவுனிங் ஹை பவர் (9 மி.மீ. தோட்டா) எண்ட ரெண்டு பிஸ்டல்ல எது நல்லம்?

1911ட ட்ரிகர் நேராப் பின்னுக்கு வரும், குறி தப்பாது. என்ட மனம் அதுலதான். ஹை பவர்ல மகசின் (தோட்டாக் கூடு) கழட்டினாச் சுடாம இருக்க வச்ச அமைப்பு உரசி இழுவையைப் பாரமாக்குது. ஆனா 13 தோட்டா கொள்ளும், உதைப்பும் குறைவு.

இப்ப கையில இருக்கிற 1911ல ஒரு சிக்கல். தோட்டா பாதி ஏறிச் சரிஞ்சு நிக்குது, ஸ்லைட் (மேல முன்னும் பின்னும் ஓடுற பகுதி) முழுசா மூடுதில்ல. வாய் விரிஞ்ச மகசின்தான் வழமையான காரணம். புது மகசின்லயும் அப்படித்தான். ஸ்லைட்டைத் திரும்ப முன்னுக்குத் தள்ளுற ரிகொயில் ஸ்பிரிங் புதுசு, 16 இறாத்தல். மிச்சம் எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாட விளிம்பைப் பிடிச்சு வெளிய இழுக்கிற கொக்கி): இறுக்கம் கூடினாத் தோட்டாட விளிம்பு அதுக்குக் கீழ வழுக்கி ஏறாது. பரல் கழட்டின ஸ்லைட்ல டம்மி (மருந்தில்லாத) தோட்டாவைச் செருகி, மெதுவா ஆட்டினா விழாம நிக்கிற அளவுக்குக் கொக்கியை வளைச்சுத் தளர்த்தினாப் போதுமா? வளைக்கிறதுக்கு முதல் கொக்கிட முனையை மழுக்கணுமா?

அடுத்தது வாவிக்காத்து. தோலுறை ஈரம் பிடிக்கும், அதுல வைக்கிறதில்ல. புளூயிங் (துருவைக் குறைக்கிற கருநீலப்) பூச்சுக்கு எண்ணெய் மட்டும் காணுமா, மெழுகும் பூசணுமா? கடற்கரைப் பக்கம் வச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்க.