ரௌதவாராவின் பறவைகள் ஆர்கெஸ்ட்ராவோடு சேரவில்லை, உதவி தேவை

வணக்கம். பின்லாந்தின் ஓலு நகரில், இசை ஆர்வலர்களின் ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் ஒலிப்பதிவை இயக்கும் பொறுப்பு என்னுடையது. பின்லாந்து இசையமைப்பாளர் எய்னோயுஹானி ரௌதவாரா 1972-இல் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்டமளிப்பு விழாவுக்காக எழுதிய, பதிவுசெய்த பறவைக் குரல்களும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஒலிக்கும் 'கான்டுஸ் ஆர்க்டிகுஸ்' படைப்பை ஒரு தேவாலயத்தில் வாசிக்கவிருக்கிறோம். கச்சேரிக்கு மூன்று வாரங்களே உள்ளன.

முதல் பகுதியில் இரண்டு புல்லாங்குழல்கள் தொடங்கியபின் சதுப்பு நிலப் பறவைகள் சேர வேண்டும். ஆனால் பறவைகளின் ஒலி எழுந்ததும் குழல்கள் அமுங்கிவிடுகின்றன. குறைத்தால், இரண்டாம் பகுதியில் சிக்கல். அங்கே வானம்பாடியின் குரலை இரண்டு ஸ்தாயி கீழிறக்கி, ஆவிப் பறவை போல ஆக்கியிருக்கிறார் ரௌதவாரா. என்னை உலுக்கும் இடம் அது. அதுவே தந்திக் கருவிகளின் ஒலிக்கு அடியில் கரைந்துபோகிறது. மூன்றாம் பகுதியில் அன்னங்களும் ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாகத் தேய்ந்து மறைய வேண்டும். எங்களுக்கோ அன்னங்கள் மட்டும் எதிரொலியில் தங்கிவிடுகின்றன.

கருவிகள்: மடிக்கணினி, சிறிய மிக்ஸர், 12 அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டு. ஐந்து ஒத்திகைகளில் அவற்றை மேடையின் இருபுறமும் வைத்தோம், வயலின்களுக்குப் பின்னால் வைத்தோம், சுவரை நோக்கித் திருப்பினோம். தாழ் அதிர்வெண்களைக் குறைத்ததில் எதிரொலி சற்றுத் தணிந்தது, ஆனால் அந்த வானம்பாடி இன்னும் மெலிந்துவிட்டது. வாசிப்பவர்களுக்கு அருகில் வைத்தால் அவர்களால் ஒருவரையொருவர் கேட்க முடிவதில்லை.

எதிரொலி மிகுந்த கூடத்தில் இந்தப் படைப்பை வாசித்தவர்கள் அல்லது ஒலி அமைத்தவர்கள், ஒலிபெருக்கிகளை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைத்தீர்கள்?