தண்ணீரில் முன்பே இருந்த மீத்தேனுக்கு என்ன சொல்?

வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டைமாக் ஊர்க் கிணறுகள் பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்குள் தர வேண்டும். மார்செல்லஸ் பாறையில் எரிவாயுவுக்குத் துளையிட்ட பிறகுதான் குடிநீரில் மீத்தேன் ஏறியது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். இயற்கையாகவே இருந்ததுதான் என்கிறது துளையிட்ட நிறுவனத் தரப்பு. 'இயற்கை மீத்தேன்' என்று எழுதினால் 'இயற்கை எரிவாயு' என்று படித்துவிடுகிறார்கள். துளையிட்டு எடுப்பதும் அதுதானே? வேறு சொல் வேண்டும்.
– செ.

'வாயு' எதற்கு? தொல்காப்பியர் 'நிலம் தீ நீர் வளி' என்கிறார். புறநானூற்று இரண்டாம் பாட்டில் 'வளித்தலைஇய தீயும், தீ முரணிய நீரும்' என்று வருகிறது. தீக்கு முரணான அந்த நீரே இங்கே குழாயடியில் பற்றி எரிகிறது! ஊறுகிற வளி, ஆகவே 'ஊறுவளி'. வினைத்தொகை, முக்காலமும் அதில் அடங்கும். ஊறு, ஊற்று, ஊறல் எல்லாம் ஒரே வேர்.
– கு.

கு. ஐயா, முக்காலமும் அடங்குவதுதான் சிக்கல். காலம் கரந்த பெயரெச்சம் இந்த வழக்குக்கு ஆகாது, ஏனென்றால் சண்டையே எப்போது வந்தது என்பதில்தான். ஊறு என்றால் துன்பம் என்றும் பொருள் உண்டு.

நான் மன்னார்குடிக்காரி. எங்கள் பக்கம் மீத்தேன் என்ற சொல் வயல்வரப்பு வரை வந்துவிட்டது. வளி என்றால் யாருக்கும் புரியாது.
– ம.

அப்படியானால் 'சதுப்பு வாயு'? கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் பாட்டிமார் சொன்னது அதைத்தானே?
– இரா.

இல்லை, அது நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. ஆழத்தில் வெப்பத்தால் உண்டான மீத்தேனும் தானாகவே மேலே கசியும். நியூயார்க் மாநிலத்து ஃபிரடோனியாவில் அப்படிக் குமிழியிட்ட வாயுவில் 1820களிலேயே விளக்கெரித்தார்கள். ஆகவே பிறப்பைச் சொன்னால் காலம் தெரியாது.

2011இல் டியூக் பல்கலைக்கழகத்தார் சோதித்த 60 குடிநீர்க் கிணறுகளில் 85 விழுக்காட்டில் மீத்தேன் இருந்தது. ஆனால் எரிவாயுக் கிணற்றுக்கு 1 கிலோமீட்டருக்குள் சராசரி லிட்டருக்கு 19.2 மில்லிகிராம், எட்ட இருந்தவற்றில் 1.1. முன்பே இருந்திருக்கலாம், பின்பு கூடியும் இருக்கலாம். 'இயற்கை' என்ற சொல் அந்த இரண்டாவதை மறைத்துவிடுகிறது. 'முன்னிருந்த மீத்தேன்' என்று எழுதினால், துளையிடும் முன் தண்ணீரைச் சோதித்தீர்களா என்று மாணவர் கேட்பார்.
– ம.

சரி, 'முன்னிருந்த மீத்தேன்' என்றே அனுப்புகிறேன். நன்றி.
– செ.

'முன்னிருந்த' என்பது வெறும் எச்சம், கலைச்சொல் ஆகாது. அடுத்த பதிப்பிலாவது ஊறுவளியைச் சேருங்கள்.
– கு.