அப்பாவுக்குப் பார்கின்சன்: காலை மாத்திரை கேட்கிறது, மதிய மாத்திரை கேட்கவில்லை

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. திருமங்கலத்தில் பத்திர எழுத்தராக இருந்தவர். அவர் எழுதிய பத்திரம் என்றால் திருத்தமே இருக்காது. போன வருடம் வீட்டு வரவு செலவு நோட்டைப் புரட்டியபோது எழுத்து வர வர நுணுகி, வரி முடிவில் படிக்கவே முடியாதபடி ஆகியிருந்தது. நடக்கும்போது வலது கையும் வீசவில்லை. நரம்பியல் டாக்டர் பார்கின்சன் நோய் என்றார். சிண்டோபா பிளஸ் (லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை) மூன்று வேளை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

காலையில் எழுந்ததும் போடும் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. ஒரு மணி நேரத்தில் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்கிறார். மதியம் சாப்பாட்டோடு போடுவதுதான் பிரச்சினை. மூன்று மணி ஆனாலும் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. "இப்போதே இந்த மாத்திரைக்குப் பழகிவிட்டால் பின்னாடி கேட்காது, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடு" என்கிறார் அத்தை. அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். குறைக்கலாமா? கை நடுக்கம் அவருக்கு இல்லவே இல்லை. நடுக்கம் இல்லாமல் பார்கின்சன் வருமா?

ஈரோடு தையற்காரர்:

தம்பி, வரும். எனக்கே இருக்கிறது. எனக்கு முதலில் வந்தது தோள்பட்டை வலியும் இறுக்கமும்தான். எலும்பு டாக்டரிடமே ரொம்ப நாள் போய்க்கொண்டிருந்தேன். நடுக்கம் வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

வாசலில் கால் ஒட்டும்போது அப்பாவின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். வாசலுக்கு முன்னால் தரையில் ஓர் அடி இடைவெளியில் மஞ்சள் டேப்பை குறுக்கே ஒட்டுங்கள். "அந்தக் கோட்டைத் தாண்டுங்கள்" என்று சொல்லுங்கள். வெறும் தரையில் நகராத கால் கோட்டைக் கண்டால் எழும். எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான்.

காவேரிக்கரை:

தம்பி, நான் தஞ்சாவூர். நரம்பியல் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்கும் இதே நோய், பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் அத்தை சொன்னதற்கு வருகிறேன். வேண்டாம், குறைக்காதீர்கள். லெவோடோபா மாத்திரையைத் தள்ளிப் போட்டால் அதன் பலன் பின்னாளுக்கு மிச்சமாகும் என்பது பலர் நம்புவது. 2014-இல் கானா நோயாளிகளையும் இத்தாலி நோயாளிகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. கானாவில் மருந்து கிடைப்பதே கடினம் என்பதால் பலரும் தாமதமாகத்தான் தொடங்கியிருந்தார்கள். அப்படியும் மாத்திரை வேலை செய்யும் நேரம் குறைவது, உடம்பு தன்னால் நெளிவது போன்ற தொல்லைகள் நோய் தொடங்கி ஏறக்குறைய அதே கால அளவில்தான் இரண்டு நாட்டிலும் வந்தன. தாமதித்தவர்களுக்கு மிச்சம், நன்றாக நடமாடியிருக்க வேண்டிய நாட்களை இழந்ததுதான். அதோடு, இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, புத்தித் தடுமாற்றம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது மதிய மாத்திரை. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று கருமையாக ஒரு பகுதி உண்டு. அங்குள்ள செல்கள்தான் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரந்து, அசைவுகளைச் சீராக்கும் பகுதிக்கு அனுப்புகின்றன. ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம் செல்லுக்குள் கட்டிகட்டியாகச் சேர, அந்தச் செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. கையும் காலும் காட்டிக்கொடுக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் போயிருக்கும். மூக்கில் வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கையை வீசுவது எல்லாம் அதற்குப் பல வருடம் முன்பே வரலாம். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

டோபமினை நேராகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும்; உள்ளே போய் டோபமினாக மாறும். வழியிலேயே மாறி வாந்தி வராமலிருக்க அதே மாத்திரையில் கார்பிடோபா இருக்கிறது. ஆனால் லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பருப்பு, தயிர், மீன், முட்டை எல்லாம் செரித்து வருவதும் அமினோ அமிலங்களே. குடலிலும் சரி, மூளை வாசலிலும் சரி, இரண்டும் ஏறுவது ஒரே பேருந்தில். சாம்பாரும் தயிரும் இடம் பிடித்துவிட்டால் மாத்திரை நிறுத்தத்திலேயே நிற்கும். அப்பாவுக்குக் காலையில் கேட்பதற்கும் மதியம் கேட்காததற்கும் காரணம் அநேகமாக இதுதான்.

அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி, முக்கால் மணி முன்பே தண்ணீரோடு விழுங்கட்டும், பாலோடு வேண்டாம். சாப்பிட்ட பிறகு என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து. குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் அதற்கும் நல்ல இடைவெளி வேண்டும். பருப்பை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், ஆள் மெலிந்துவிடுவார். நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, இது முக்கியம். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், சின்னரிசின் ஆகியவை டோபமின் வேலையைத் தடுக்கும். நோய் இல்லாதவருக்கே பார்கின்சன் போன்ற இறுக்கத்தை வரவைக்கும். வீட்டு மருந்துப் பெட்டியை இன்றே கொட்டிப் பாருங்கள்.

வைகைக்கரை:

அக்கா, ரொம்ப நன்றி. பெட்டியில் சின்னரிசின் இருந்தது. தலைசுற்றலுக்கு எப்போதோ கொடுத்ததை அப்பா அவ்வப்போது வாங்கிப் போட்டிருக்கிறார். பெரியப்பா பூனைக்காலி விதைப் பொடி கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா? மூளையில் கம்பி வைக்கும் ஆபரேஷன் செய்தால் முழுதாகக் குணமாகும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

காவேரிக்கரை:

சின்னரிசினை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், எத்தனை மாதமாக என்பது உட்பட. அதை நிறுத்துவதிலேயே கொஞ்சம் மாற்றம் தெரியலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

பூனைக்காலி விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரையின் மேல் அதையும் கொடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கும், மனக்குழப்பம் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். டாக்டருக்கும் அளவு கணக்கு தப்பிப்போகும்.

ஆபரேஷன் நல்ல சிகிச்சைதான். 1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபித் என்ற மருத்துவர் தொடங்கி வைத்தது. மூளைக்குள் மெல்லிய மின்முனை, காரை எலும்புக்குக் கீழே பேட்டரி. நடுக்கத்துக்கும், மாத்திரை வேலை செய்யாத 'ஆஃப்' நேரம் அதிகமானவர்களுக்கும் கைகொடுக்கும். நோயைக் குணமாக்காது, நிறுத்தவும் செய்யாது. அப்பாவுக்கு இப்போது அந்தப் பேச்சுக்கே அவசியமில்லை. மாத்திரை நேரத்தைச் சரிசெய்தாலே நிறைய மீட்கலாம்.

அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், நன்றாக நடந்த நேரம், உறைந்து நின்ற நேரம் எழுதி எடுத்துப் போங்கள். மதியம் எழ முடியாமல் இருப்பதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துக் காட்டுங்கள். காலை நேரத்தில் டாக்டர் பார்ப்பது நல்ல நடையை மட்டும்தான். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கலையும் மறைக்காமல் சொல்லட்டும், அதற்கு மருந்து உண்டு.